ஒற்றை ஆள் படுக்கை

ரெய்னோவின் மாத்திரை டப்பா சமையலறை மேடையிலேயே கிடந்தது. ஆள் கிளம்பிப் போய் அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது.

"பார்த்தியா? வண்டி பார்க்கப் போற அவசரத்துல உயிரை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருக்கார் உங்கப்பா" என்றாள் ஐலி.

மகள் டானா காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாயங்காலம் வந்துடுவார்மா. ஒரு வேளை போடலன்னா ஒண்ணும் ஆகாது."

"எப்ப டாக்டர் ஆனே நீ? பல் டாக்டர் ஆபீஸ்ல போன் எடுக்கறவதானே?"

டானா சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

குளிர்காலம் முடிகிற சமயத்திலேயே ஐலி ஏரி வீட்டை விற்கத் தலையாட்டிவிட்டாள். அவளுடைய அப்பா தன் கையால் மரம் அறுத்துக் கட்டிய ஏரி வீடு அது. இரண்டு அறை, பக்கத்தில் விறகடுப்பு வைத்த நீராவிக் குளியலறை, தண்ணீருக்குள் நீளும் பலகைப் பாலம். இத்தனை வருஷத்தில் ஐலி பெயரில் இருக்கிற ஒரே சொத்து அதுதான். அதை விற்று ஒரு துளி வண்டி வாங்கலாம், மீதிப் பணத்தில் மேற்கே கடல் வரைக்கும் போகலாம் என்று ரெய்னோ குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டான் என்றால் வாயால் இல்லை. வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துப் பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான். ஐலி ஒரு வாரம் அழுதுவிட்டுச் சரி என்றாள். போன வாரம் சிகாகோக்காரர் ஒருவர் விலை பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வக்கீல் ஆபீசில் ஐலி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

துளி வண்டி என்றால் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வண்டி. நீர்த்துளி ஒன்று ஒருக்களித்துப் படுத்த மாதிரி இருக்கும். உள்ளே படுக்கை மட்டும்தான், எழுந்து நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் அலமாரியும் சமையல் மேடையும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு.

"இடது பக்கக் கதவு எனக்கு, வலது பக்கக் கதவு ரெய்னோவுக்கு" என்று ஐலி அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ரெய்னோவே அப்படிச் சொன்னானா, ஐலி சொன்னதை அவன் மறுக்காமல் இருந்தானா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான். அவர்கள் மறுக்காமல் இருப்பதைத்தான் நாங்கள் சம்மதம் என்று வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். பல வீடுகளில் அது கடைசிவரை ஓடியும் விடுகிறது.

"காரை எடு. நேர்ல போய்க் குடுத்துட்டு வந்துடலாம்" என்றாள் ஐலி. "வண்டியையும் பார்த்த மாதிரி ஆச்சு. இன்னிக்குத்தானே மிச்சப் பணத்தைக் குடுக்கணும்னான்? வாங்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு கண்ணு பார்க்க வேண்டாமா?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் நீ பார்த்தா போதும்னாரே அப்பா. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"நான் போய் நின்னா அவனுக்கு ஆச்சரியமா இருக்கட்டுமே."

"கார் டயர்ல காத்து கம்மியா இருக்கும்மா."

"வழியில அடிச்சுக்கலாம்."

"எனக்குத் தலைவலி."

"மாத்திரை போட்டுக்கோ. ஒரு டப்பாவே கையில இருக்கே." ஐலி அதற்குள் காலையில் சுட்ட பேஸ்டிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்டவை. ரெய்னோவுக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் தூக்கலாகப் போட்டிருந்தாள்.

எங்கள் ஊர் நெகானியிலிருந்து, வண்டி கைமாற இருந்த கண்காட்சி மைதானம் இரண்டு மணி நேரப் பாதை. செப்டம்பர் மாதம், மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருந்தன. ஐலி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். திரைச்சீலைக்கு நீலத் துணியா, மஞ்சளா? கடலுக்குப் போனால் காலணியைக் கழற்றிவிட்டுக் கால் நனைக்க வேண்டும், ரெய்னோ கூச்சப்படுவான், இழுத்துக்கொண்டு போக வேண்டும். டானா எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். அப்பாவின் பெண்தானே என்று ஐலி விட்டுவிட்டாள்.

மைதானம் முழுக்கத் துளி வண்டிகள் வரிசையாக நின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற கூட்டம் இது. செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள், சும்மா வந்து பேசிவிட்டுப் போகிறவர்கள். இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பின்மூடி தூக்கியிருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்க்கலாம், காபி கேட்டுக் குடிக்கலாம். மூடியிருந்தால் பக்கத்தில் போகக் கூடாது. இன்னொன்று, புது வண்டி கைமாறுகிற அன்று அதன் கதவில் ஒரு பெயர் எழுதுவார்கள். பெண்டாட்டி பெயர், நாய் பெயர், சிலபேர் பிடித்த பண்டத்தின் பெயர்கூட வைப்பார்கள்.

மூன்றாவது வரிசைக் கோடியில் ஒரு பச்சை வண்டி நின்றது. பின்மூடி தூக்கியிருந்தது. கதவில் வெள்ளைப் பெயிண்டில் வளைவு வளைவாக எழுதியிருந்தது: ஐலி.

ஐலி நின்றுவிட்டாள்.

கையிலிருந்த பேஸ்டி மூட்டையை டானாவிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே போய் அந்த எழுத்தைத் தொட்டாள். பெயிண்ட் காய்ந்திருந்தது. நாற்பது வருஷமாகப் பிறந்தநாளைக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன். சொல்லத் தெரியாமல் இப்படி எழுதி வைத்திருக்கிறான். ஏரி வீடு போனால் போகட்டும் என்று முதல் தடவையாக மனசார நினைத்தாள்.

"டானா! பாரு உங்கப்பாவை!"

டானா பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை ஐலி கவனிக்கவில்லை.

ஐலி பின்பக்கம் போனாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், மேடையைத்தான் முதலில் பார்ப்பாள். இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தாள், சத்தமில்லாமல் வந்தன. மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை அழுத்தமாக ஒட்டியிருந்தது. மேடை ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள், மரம் கல் மாதிரி இருந்தது. நல்ல வேலை. அலமாரியில் ஒரு எனாமல் கோப்பை. ஒரு தட்டு. ஒரு முட்டை பொரிக்கிற அளவுக்கு ஒரு குட்டி இரும்புச் சட்டி. ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி.

'கஞ்சன். ஜோடியா வாங்கினா என்ன?' என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வெள்ளை முடியைப் பின்னலாகப் போட்ட ஒரு அம்மாள், முகம் நிறையச் சிரிப்பு. "என் வீட்டுக்காரர் டெல்மர் செஞ்சது. நான் பெவர்லி. உள்ள பார்க்கணும்னா பாருங்க, ஆனா இது வித்தாச்சு."

"யாருக்கு?" என்றாள் ஐலி. விளையாட்டாகத்தான் கேட்டாள். தான் யார் என்று அப்புறம் சொல்லி அந்த அம்மாளை அசத்தலாம் என்று எண்ணம்.

"ஒரு பாவப்பட்ட மனுஷன். பெண்டாட்டி தவறிப்போயிட்டாங்க." பெவர்லி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க பேருதான் கதவுல. டெல்மர் தானாவே எழுதினது. அவருக்குத் தெரியாது, இன்னிக்குத்தான் பார்க்கப் போறார். அழுதுடுவார்னு நினைக்கறேன்."

டானா "அம்மா, போயிடலாம் வா" என்று ஐலியின் கையைப் பிடித்தாள். ஐலி கையை விடுவித்துக்கொண்டாள்.

"எப்படித் தவறினாங்களாம்?"

"ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி. தூக்கத்துலயே. பக்கத்துல படுத்திருந்த மனுஷனுக்கே காலையிலதான் தெரிஞ்சுதாம், பாருங்க."

ஐலி மேடையைப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படிப்பட்டவங்களாம், அந்தம்மா?"

"தங்கமானவங்களாம்ங்க. பள்ளிக்கூடத்துல சமையலாம். ஏலக்காய் ரொட்டி சுட்டா தெருவே மணக்குமாம். சிரிச்சாங்கன்னா ரெண்டு கண்ணும் மூடிக்குமாம், அதைப் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னார். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பேசுன்னா அப்படிப் பேசறார், நிறுத்தவே இல்ல. அதான் எங்க கூட்டத்துல எல்லாரும் ஆளுக்கு ஒரு சாமான் குடுத்தோம். யாராவது துணையை இழந்துட்டு வந்தா, அடுப்படியை நாங்க நிரப்பிடுவோம். இந்தச் சட்டி நான் குடுத்தது. ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும்."

ரெய்னோ அழுதானாம். ஐலியின் அப்பாவைப் புதைத்த அன்று சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு காரைப் பார்த்து நின்ற ரெய்னோ. அவள் கண் மூடிச் சிரிப்பதை அவன் கவனித்திருக்கிறான் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். உயிரோடு இருக்கிறவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. செத்தவளைப் பற்றி ஊரார் வீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறான்.

"நான் கொஞ்சம் உள்ள படுத்துப் பார்க்கலாமா?" என்றாள் ஐலி.

"தாராளமா. கதவைச் சாத்திக்கிட்டு மேலே பாருங்க, எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா மழை ஒழுகும்னு அர்த்தம். டெல்மர் வண்டியில தெரியாது."

ஐலி உள்ளே நுழைந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு ஆள் படுக்கைதான். மீதிப் பாதியில் சுவர் வரைக்கும் அலமாரி. மீன்பிடிக் கம்பி வைக்க வளையங்கள், புத்தகம் வைக்கத் தட்டு, பெட்டி வைக்கக் கீழே இடம். எல்லாம் அளவெடுத்துச் செய்திருந்தது. வலது பக்கம் கதவே இல்லை. அவன் கதவு எது, அவள் கதவு எது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தாளே, இருப்பதே ஒரு கதவுதான்.

மேலே பார்த்தாள். பொட்டு வெளிச்சம் இல்லை. அந்த இருட்டில் ஐலி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். அவமானம்தான் முதலில் வந்தது. பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து குத்தியது. அப்புறம் கோபம். அதற்கும் அடியில், யாரோ நிஜமாகவே செத்துப்போன மாதிரி ஒரு துக்கம்.

கதவு திறந்தது. டானாதான். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் ஐலி, படுத்தபடியே.

"ஒரு ஆள் படுக்கைன்னு தெரியும்மா. வசந்தத்துல சொன்னார். கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வரணும், அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னார். சொல்லியிருப்பார்னு இருந்தேன். நீ காலையில திரைச்சீலை பத்திப் பேசினப்பதான்..."

"திரைச்சீலை பத்தி நான் ஆறு மாசமா பேசறேன்."

"தெரியும்மா. ஆனா நீ செத்துட்டேன்னு சொன்னது சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஏரி வீட்டை விக்கச் சொல்லி நீயும்தானே என்னை உசுப்பேத்தினே?"

ஐலி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெற்ற பெண்ணைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அதற்கு இப்போது நேரமில்லை, ரெய்னோ வந்துகொண்டிருந்தான்.

தோளில் ஐஸ் மூட்டை. பக்கத்தில் தொப்பி போட்ட நெட்டை மனுஷர், டெல்மராகத்தான் இருக்க வேண்டும். ரெய்னோ ஏதோ சொல்ல, டெல்மர் வாய்விட்டுச் சிரித்தார். ரெய்னோ வேடிக்கையாகப் பேசுவான் என்பதும் ஐலிக்குப் புதுசு. வண்டிக்குப் பத்தடி இருக்கும்போது அவன் அவளைப் பார்த்தான். ஐஸ் மூட்டை தோளிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

"மாத்திரையை மறந்துட்டே" என்றாள் ஐலி. டப்பாவை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"தெரிஞ்சவங்களா ரெய்னோ?" என்றாள் பெவர்லி. "பாவம், உங்க கதையைக் கேட்டு ரொம்ப இளகிட்டாங்க."

"சொல்லு ரெய்னோ. நான் யாரு?"

ரெய்னோவின் கழுத்து சிவந்தது. டெல்மரைப் பார்த்தான், பெவர்லியைப் பார்த்தான், கதவில் இருந்த பெயரைப் பார்த்தான். அதை அவன் அப்போதுதான் பார்க்கிறான். "ஐலி" என்றான், வாய்க்குள்.

பெவர்லியின் கை தன் வாய்க்குப் போயிற்று. டெல்மர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து வண்டியில் காபி கலக்கிக்கொண்டிருந்தவர்கள் கலக்குவதை நிறுத்தினார்கள்.

"தூக்கத்துலயே போயிட்டேனாமே" என்றாள் ஐலி. "நல்ல சாவாத்தான் குடுத்திருக்கே. வலி கிலி இல்லாம. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்."

"ஐலி, இங்க வேண்டாம்."

"ஏன்? இங்கதானே உனக்குப் பேச வருது? வீட்டுல உப்பு கேக்கறதுக்கே கையை நீட்டுவே. இங்க குலுங்கிக் குலுங்கி அழுதியாம், கதை கதையா சொன்னியாம். எனக்கும் ஒரு கதை சொல்லு, கேக்கறேன்."

ரெய்னோ புல்லைப் பார்த்தபடி சொன்னான்: "போன்ல ஒரு ஆள் படுக்கைன்னேன். பெண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களான்னு கேட்டார் டெல்மர். எனக்கு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"தனியா போகணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அழுதிருப்பேன், கத்தியிருப்பேன். செத்திருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தா ஏரி வீட்டை வித்திருப்பியா?"

அவன் அதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் ஐலிக்குத் தாங்கவில்லை. இத்தனை மாசத்தில் அவன் அவளிடம் சொன்ன ஒரே உண்மை இதுதான். அவளுடைய அப்பா அடித்த ஒவ்வொரு ஆணியையும் இந்த ஒற்றை மெத்தைக்கு விலையாகக் கொடுக்க அவளையே சம்மதிக்க வைத்திருக்கிறான்.

"வேற யாராவது இருக்காளா?"

"சேச்சே. யாரும் இல்ல. எனக்கு... சும்மா இருக்கணும், ஐலி. யாரும் எதுவும் கேக்காம."

வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளைத் திட்டி ஆறியிருக்கலாம் என்று ஐலிக்குத் தோன்றியது. டெல்மர் பக்கம் திரும்பினாள்.

"வண்டி என்ன விலைங்க?"

டெல்மர் சங்கடத்தில் நெளிந்தார். "அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"சொல்லுங்க. இதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"பதினாலாயிரத்து எண்ணூறு டாலர். இவருக்குப் பன்னிரண்டாயிரம்னு முடிச்சேன்."

"ஏன் குறைச்சீங்க?"

டெல்மரின் கண் கதவில் இருந்த பெயருக்குப் போயிற்று.

"அப்ப என் சாவு ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர்" என்றாள் ஐலி. "பரவாயில்ல. உயிரோட இருந்தப்ப அவ்வளவு தேறினதில்ல நான்."

"பேரம் நான் கேக்கல" என்றான் ரெய்னோ அவசரமாக. "அவராவே குறைச்சது."

"குறைச்சப்ப வேண்டாம்னியா?"

வழக்கம்போல அவன் மறுக்கவில்லை. இந்தத் தடவை அது எதற்குச் சம்மதம் என்று ஐலிக்கு நன்றாகத் தெரிந்தது.

"இந்த ஆளுக்கு நான் வண்டி குடுக்கறதா இல்லம்மா" என்றார் டெல்மர். "முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். எங்க மேஜையில உக்காத்தி சோறு போட்டோம். பெவர்லி உங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தினா."

"குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்ங்க. ஆனா குடுத்தா முழு விலைக்குக் குடுங்க. வெளிச்சம் ஒழுகாத வண்டி, அந்த விலை தகும். ஒரு டாலர் குறைக்காதீங்க. என் பேரை மட்டும் அழிச்சிடுங்க."

பெவர்லி வந்து ஐலியைக் கட்டிக்கொண்டாள். முன்பின் தெரியாத அந்த அம்மாளின் தோளில் ஐலி சாய்ந்துகொண்டாள். டெல்மர் உப்புத்தாள் எடுத்து வந்து கதவருகே குந்தித் தேய்க்க ஆரம்பித்தார். ரெய்னோ ஐஸ் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

ஐலி பேஸ்டி மூட்டையைப் பெவர்லியிடம் கொடுத்தாள். "உங்க கூட்டத்துக்கு. எல்லாரும் சாமான் குடுத்தீங்களே." பிறகு காருக்கு நடந்தாள்.

டானா காரைக் கிளப்பி நகர்த்தும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரெய்னோ ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் ஓடி ஐலி பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"அம்மா, நிறுத்தவா?"

"நிறுத்து."

அவன் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தான். மூச்சு வாங்கியது. ஐலி கண்ணாடியை இறக்கினாள். மன்னிச்சுடு என்று ஒரு வார்த்தை சொன்னால் தான் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பாழாய்ப்போன மனசு, இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"ஐலி."

"சொல்லு."

"செவ்வாய்க்கிழமை வக்கீல் ஆபீசுக்கு வருவேல்ல?"

ஐலி மாத்திரை டப்பாவை அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"செத்தவ எப்படி ரெய்னோ கையெழுத்துப் போடுவா?"

கண்ணாடி ஏறியது. கார் மைதானத்தை விட்டு வெளியே வந்து நெடுஞ்சாலையில் திரும்பியது.

"வீட்டுக்குத்தானேம்மா?" என்றாள் டானா.

"இல்ல. ஏரி வீட்டுக்கு."

டானா வேகத்தைக் குறைத்தாள். பிறகு காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னாள்:

"அங்க போக முடியாதும்மா. அப்பா சாவியைக் குடுத்துட்டார். அந்தச் சிகாகோக்காரர் நேத்தே பெண்டாட்டி பிள்ளைங்களோட வந்து தங்கிட்டார். கையெழுத்து எப்படியும் ஆயிடும்னு..."

ஐலி அவள் பக்கம் திரும்பினாள்.

"அவங்ககிட்ட நான் உயிரோட இருக்கேனா, செத்துட்டேனா?"

"தெரியாதும்மா."

"சரி, ஓட்டு" என்றாள் ஐலி. "என் வீட்டுக் கதவை நானே தட்டி, நானே சொல்லிக்கறேன்."